மதுரைக்குப் புதிதாகக் குடிவந்தவர்கள் பொது நூலகத்தைக் கொண்டு வீட்டுச் செலவைக் குறைப்பது எப்படி?

வேலை மாற்றலாகியோ பிள்ளைகளின் படிப்புக்காகவோ மதுரைக்குக் குடிவரும் குடும்பம், வீட்டு முன்பணத்தையும் பள்ளிக் கட்டணத்தையும் கட்டி முடித்துவிட்டு, கையில் மிஞ்சியதை வைத்து மாதத்தை ஓட்டத் தொடங்கும்போது முதலில் கை வைப்பது பெரும்பாலும் வாசிப்புச் செலவில்தான். அரிசியையும் பாலையும் நிறுத்த முடியாது, பேப்பரை நிறுத்தலாம், பிள்ளைக்குக் கதைப் புத்தகம் அடுத்த மாதம் வாங்கலாம் என்ற முடிவுக்கு வீட்டில் எல்லோரும் எளிதாக வந்துவிடுகிறார்கள். அப்படி முடிவெடுக்க வேண்டியதில்லை. வாசிப்பைக் குறைக்காமல் அதற்காகும் செலவை மட்டும் குறைக்க முடியும். அதற்கான ஏற்பாடு ஒவ்வொரு ஊரிலும் இருக்கிறது; அதற்கான பணமும் நம்மிடமிருந்தே வசூலாகிக்கொண்டிருக்கிறது.

தமிழ்நாட்டில் பொது நூலகங்கள் 1948-ஆம் ஆண்டின் பொது நூலகச் சட்டத்தின்கீழ் இயங்குகின்றன. சீர்காழியில் பிறந்த நூலகவியல் அறிஞர் சீ. இரா. அரங்கநாதனின் நீண்ட முயற்சியால் உருவான சட்டம் இது. விடுதலை பெற்ற இந்தியாவில் ஒரு மாகாணம் நூலகங்களுக்கென இயற்றிய முதல் சட்டமும் இதுவே. இதன்படி சொத்து வரியோடும் வீட்டு வரியோடும் நூலக வரி சேர்த்தே வசூலிக்கப்படுகிறது. வீதம் ரூபாய்க்கு 10 காசு. அதாவது, 3,000 ரூபாய் வரி கட்டும் வீட்டுக்கு 300 ரூபாய் நூலக வரி. வாடகைக்குக் குடியிருப்பவர்கள் நேரடியாக வரி கட்டுவதில்லை என்றாலும், வீட்டுக்காரர் வாடகையை நிர்ணயிக்கும்போது தாம் கட்டும் வரியையும் கணக்கில் எடுத்துக்கொள்கிறார் என்பதால் அந்தச் சுமையில் ஒரு பங்கு அவர்களுக்கும் வந்து சேர்கிறது. ஆகவே நூலகத்தின் படியேறும்போது எவரும் கூச்சப்பட வேண்டியதில்லை. அது தானமாகக் கிடைக்கும் சலுகை அன்று. நாம் பணம் கட்டியும் பயன்படுத்தாமல் விட்டுவைத்திருக்கும் ஒரு சேவை.

முதலில் ஒரு மாதக் கணக்கு

நூலகத்துக்குப் போவதற்கு முன்பே செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. ஒரு மாதத்துக்கு, வாசிப்பும் படிப்பும் சார்ந்த எல்லாச் செலவுகளையும் ஒரு நோட்டில் எழுதி வாருங்கள். பேப்பர் போடுபவருக்குக் கொடுத்தது, கடையில் தொங்கும் வார இதழை வாங்கியது, பிள்ளைகளின் கதைப் புத்தகம், போட்டித் தேர்வுக்கான கைடு, ஜெராக்ஸ், தேர்வுக்குப் படிக்கும் இளைஞர் தனியார் படிப்பகத்தில் இருக்கைக்குக் கட்டும் மாதக் கட்டணம் ஆகிய அனைத்தும் அதில் வர வேண்டும். இவை சில்லறை சில்லறையாகப் போவதால் கண்ணுக்குத் தெரிவதில்லை. ஒரே பக்கத்தில் எழுதிப் பார்க்கும்போதுதான் தொகையின் அளவு புரியும்.

எடுத்துக்காட்டாக ஒரு கணக்கைப் பார்ப்போம். நாளிதழ் நாளுக்கு 8 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் மாதத்துக்கு 240 ரூபாய் ஆகிறது. 30 ரூபாய் விலையில் இரண்டு வார இதழ்கள் வாங்கினால் மாதத்துக்கு இன்னுமொரு 240 ரூபாய். பிள்ளைக்கு 100 ரூபாயில் இரண்டு புத்தகங்களும், தேர்வுக்குப் படிப்பவருக்கு 350 ரூபாயில் ஒரு கைடும் சேர்ந்தால் மொத்தம் 1,030 ரூபாய். ஆண்டுக்கு 12,360 ரூபாய். இந்த விலைகள் உங்கள் வீட்டில் கூடவோ குறையவோ இருக்கலாம். விலைகளை உங்கள் நோட்டிலிருந்து எடுத்துப் போட்டுக்கொள்ளுங்கள். கணக்குப் போடும் முறை ஒன்றுதான்.

இந்த முழுத் தொகையும் மிச்சமாகிவிடும் என்று எண்ணிவிடக் கூடாது. வீட்டில் நடக்க இயலாத பெரியவர் ஒருவர் இருந்து, காலைக் காப்பியோடு பேப்பர் படிப்பதே அவருடைய நாளின் முதல் வேலையாக இருந்தால் அந்தப் பேப்பரை நிறுத்தச் சொல்வது முறையன்று. அந்த 240 ரூபாயை அப்படியே விட்டுவிட்டுக் கணக்கிட்டாலும் மாதத்துக்கு 790 ரூபாயும் ஆண்டுக்கு 9,480 ரூபாயும் நூலகத்தின் பக்கம் திருப்பக்கூடிய செலவாக மிஞ்சுகின்றன. நாளிதழை நிறுத்துபவர்கள், பழைய பேப்பரைக் கடையில் எடைக்குப் போட்டுக் கிடைத்துவந்த சிறு வரவும் நின்றுவிடும் என்பதைக் கணக்கில் கழித்துக்கொள்ள வேண்டும்.

எந்த நூலகத்துக்குப் போவது

பொது நூலகத் துறையின் நூலகங்கள் படிநிலையாக அமைந்தவை. மாவட்டத்துக்கு ஒரு மாவட்ட மைய நூலகமும், நகர்ப் பகுதிகளிலும் வட்டத் தலைநகரங்களிலும் பெரிய ஊர்களிலும் கிளை நூலகங்களும், சிற்றூர்களில் ஊர்ப்புற நூலகங்களும், அவற்றினும் சிறியனவாகப் பகுதி நேர நூலகங்களும் இருக்கின்றன. மதுரையின் மாவட்ட மைய நூலகம் சிம்மக்கல்லில் இருக்கிறது. மேலூர், திருமங்கலம், உசிலம்பட்டி போன்ற ஊர்களில் குடியேறுபவர்கள் அங்குள்ள கிளை நூலகத்திலேயே தொடங்கலாம்; அதற்காக மதுரைக்குப் பேருந்து ஏற வேண்டியதில்லை.

செலவைக் குறைப்பதே நோக்கம் என்றால் நூலகத்தைத் தேர்ந்தெடுப்பதற்கு ஓர் அளவுகோல் போதும்: நடந்தோ சைக்கிளிலோ போகக்கூடிய தொலைவில் இருக்கும் நூலகமே உங்கள் நூலகம். அங்கே புத்தகங்கள் குறைவாக இருக்கலாம், இடம் நெருக்கடியாக இருக்கலாம். ஆயினும் வாரத்துக்கு இருமுறை போய்வர முடிகிற சிறிய நூலகம், இரண்டு மாதத்துக்கு ஒருமுறை மட்டும் போக முடிகிற பெரிய நூலகத்தைவிடக் குடும்பத்துக்கு அதிகமாக உதவும். போக ஓர் ஆட்டோ, வர ஓர் ஆட்டோ என்று ஆகிவிட்டால் எடுத்து வரும் புத்தகத்தின் விலை அங்கேயே செலவாகிவிடுகிறது. தெருப்பெயரையும் வார்டையும் சொல்லிப் பக்கத்து மளிகைக் கடையிலோ அரசுப் பள்ளி ஆசிரியரிடமோ விசாரித்தால் அருகிலுள்ள கிளை நூலகம் எங்கே என்று சொல்லிவிடுவார்கள். பல கிளைகள் ஒரு சந்துக்குள் சிறிய கட்டடத்தில் இருப்பதால், பெரிய சாலையில் பெயர்ப்பலகையைத் தேடிக்கொண்டு போவது பலன் தராது.

தொலைவில் இருக்கும் நூலகத்துக்கு மாதத்துக்கு ஒருமுறையேனும் போக விரும்பும் பெண்களுக்கு ஒரு வசதி உண்டு. 2021 மே மாதம் முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்கள் கட்டணமின்றிப் பயணம் செய்யலாம். மற்ற வகைப் பேருந்துகளுக்கு இது பொருந்தாது என்பதால் ஏறுமுன் பேருந்தின் பலகையைப் பார்த்துக்கொள்ள வேண்டும். வீட்டில் நூலகத்துக்குப் போய்வரும் பொறுப்பை யார் ஏற்பது என்று முடிவு செய்யும்போது இதையும் நினைவில் வையுங்கள். ஆனால் அந்தக் காரணத்தைச் சொல்லி இன்னுமொரு வேலையை வீட்டுப் பெண்ணின் தலையில் கட்டிவிடுவதை நான் ஏற்கமாட்டேன். அவர் தமக்காகவும் ஒரு புத்தகம் எடுத்துக்கொண்டு அங்கே அரைமணி நேரம் உட்கார்ந்து படித்துவிட்டு வர நேரம் இருந்தால் மட்டுமே அந்த ஏற்பாடு நியாயமானது.

புதுநத்தம் சாலையில் 2023 ஜூலை 15 அன்று திறக்கப்பட்ட கலைஞர் நூற்றாண்டு நூலகத்தைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். 2 லட்சம் சதுர அடிக்கும் மேற்பட்ட பரப்பில், பல தளங்களாகக் குளிரூட்டப்பட்ட கூடங்களோடு அமைந்த அந்த நூலகத்தில் குழந்தைகளுக்கும், போட்டித் தேர்வு எழுதுபவர்களுக்கும், பார்வைத்திறன் குறைந்தவர்களுக்கும் தனித்தனிப் பிரிவுகள் இருக்கின்றன. உள்ளே போய்ப் படிப்பதற்குக் கட்டணம் இல்லை. புத்தகத்தை வீட்டுக்கு எடுத்துவர அருகிலுள்ள கிளையும், நாள் முழுவதும் உட்கார்ந்து படிக்கப் புதுநத்தம் சாலையும் என்று பிரித்துக்கொண்டால் இரண்டின் பயனும் கிடைக்கும். சித்திரை, வைகாசி வெயிலில் ஓட்டு வீட்டிலோ தகரக் கூரையின்கீழோ மின்விசிறியைச் சுழலவிட்டுப் படிக்கும் மாணவர்களுக்கு அந்தக் கூடம் எவ்வளவு பெரிய உதவி என்பதை அங்கு ஒரு பிற்பகல் போய்ப் பார்த்தாலே தெரிந்துகொள்ளலாம்.

உறுப்பினராகும் முறை

நூலகத்தில் உட்கார்ந்து நாளிதழும் பருவ இதழ்களும் படிக்க உறுப்பினராக வேண்டியதில்லை. புத்தகத்தை வீட்டுக்கு எடுத்துச் செல்வதற்கு மட்டுமே உறுப்பினர் அட்டை தேவை. அதற்குக் காப்புத்தொகை ஒன்றும் ஆண்டுச் சந்தா ஒன்றும் கட்ட வேண்டும். ஒரே நேரத்தில் எத்தனை நூல்கள் எடுக்க விரும்புகிறீர்கள் என்பதையும், அது ஊர்ப்புற நூலகமா, கிளையா, மாவட்ட மைய நூலகமா என்பதையும் பொறுத்துத் தொகை மாறும். எப்படிப் பார்த்தாலும் ஒரு நல்ல நாவலின் விலைக்குள் அடங்கிவிடும். காப்புத்தொகை திரும்பக் கிடைக்கக்கூடியது என்பதால் அதற்குரிய ரசீதைக் கேட்டு வாங்கி, வீட்டு வாடகை ஒப்பந்தமும் எரிவாயு இணைப்புப் புத்தகமும் இருக்கும் அதே கோப்பில் வைத்துவிடுங்கள்.

முதல் முறை போகும்போது ஆதார் நகலும் பாஸ்போர்ட் அளவுப் புகைப்படம் இரண்டும் கையில் இருக்கட்டும். புதிதாகக் குடிவந்தவர்களின் ஆதாரில் பழைய ஊர் முகவரியே இருக்கும். அதற்காகத் தயங்கி நின்றுவிடாமல், தற்போதைய முகவரிக்கு எந்தச் சான்றை ஏற்றுக்கொள்வார்கள் என்று நூலகரிடமே நேராகக் கேளுங்கள். ஆண்டுதோறும் நவம்பர் 14 முதல் 20 வரை நடைபெறும் தேசிய நூலக வாரத்தில் புதிய உறுப்பினர்களைச் சேர்ப்பதற்கு நூலகங்கள் தனி முயற்சி எடுக்கின்றன. அந்த நேரத்தில் போனால் வேலை விரைவாக முடியும். ஆனால் அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை.

அட்டையை வாங்கும் அன்றே நான்கு செய்திகளைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். நூலகம் திறந்திருக்கும் நேரம், வார விடுமுறை நாள், ஒரு நூலை எத்தனை நாள் வைத்திருக்கலாம் என்பது, கெடு தப்பினால் நாளொன்றுக்கு எவ்வளவு தாமதக் கட்டணம் என்பது. கிளை நூலகங்கள் பல, காலையில் சில மணி நேரமும் மாலையில் சில மணி நேரமும் திறந்து நடுப்பகலில் மூடுகின்றன. அவற்றின் வார விடுமுறை வெள்ளிக்கிழமை, ஞாயிற்றுக்கிழமை திறந்திருக்கும். வெளியூரிலிருந்து வந்தவர்கள் பலர், ஞாயிறு விடுமுறை என்று தாமாக நினைத்துக்கொண்டு, குடும்பம் முழுவதும் ஓய்வாக இருக்கும் அந்த ஒரு நாளையும் நழுவ விட்டுவிடுகிறார்கள்.

குழந்தைகளின் புத்தகத்தில்தான் பெரிய மிச்சம்

வீட்டில் ஐந்து வயதுக்கும் பன்னிரண்டு வயதுக்கும் இடைப்பட்ட பிள்ளைகள் இருந்தால் நூலகத்தின் பயனை அவர்களிடமிருந்தே தொடங்குங்கள். இருபது பக்கப் படக்கதைப் புத்தகத்தை ஒரு பிள்ளை பத்து நிமிடத்தில் படித்து முடித்துவிடும். வழவழப்பான தாளில் வண்ணத்தில் அச்சிட்டிருப்பதால் அதன் விலையோ பெரியவர்களின் புத்தக விலைக்குச் சற்றும் குறைந்ததாக இருக்காது. அடுத்த ஆண்டு அந்தப் பிள்ளைக்கு வயது ஏறிவிடும், அந்தப் புத்தகம் பரணுக்குப் போய்விடும். இப்படி வேகமாகப் படித்து வேகமாகக் கடந்துபோகும் புத்தகங்களை இரவல் வாங்கிப் படிப்பதே சரி. ஒரு புத்தகத்தைப் பிள்ளை மூன்றாம் முறையும் எடுத்துவரச் சொன்னால் அதை மட்டும் கடையில் வாங்கிக் கொடுங்கள். அது அந்தப் பிள்ளையின் சொந்தப் புத்தகமாக இருக்கத் தகுதி பெற்றுவிட்டது.

பிள்ளையின் பெயரிலேயே ஓர் அட்டை எடுத்துக் கொடுக்க முடியுமா என்று கேளுங்கள். தன் பெயர் எழுதிய அட்டையைத் தானே நீட்டி, தன் புத்தகத்துக்குத் தேதி முத்திரை போடுவதைப் பார்த்துப் பழகிய பிள்ளைக்கு, திருப்பிக் கொடுக்க வேண்டும் என்ற நினைவும் தானாக வந்துவிடுகிறது. நூலகப் புத்தகத்தின் முதல் தாளிலோ கடைசித் தாளிலோ ஒட்டியிருக்கும் கெடுநாள் சீட்டைப் பிள்ளையோடு சேர்ந்து பாருங்கள். அதில் வரிசையாக விழுந்திருக்கும் ஊதா முத்திரைகள், அந்தப் புத்தகம் எந்தெந்த மாதங்களில் எத்தனை வீடுகளுக்குப் போய்வந்தது என்பதைச் சொல்லும். முத்திரைகள் நெருக்கமாக இருக்கும் புத்தகத்தைத் தேர்ந்தெடுத்தால் பெரும்பாலும் ஏமாற்றம் இராது. பிள்ளைக்கு எந்தக் கதை பிடிக்கும் என்று தெரியாமல் நிற்கும் பெற்றோருக்கு இது நம்பகமான வழி.

பக்கம் கிழிந்துவிட்டால் வீட்டில் இருக்கும் செல்லோ டேப்பை ஒட்டிவிடாதீர்கள். சில ஆண்டுகளில் அந்த டேப் மஞ்சளாகிப் பசை கசிந்து, அடுத்த பக்கத்தையும் சேர்த்துப் பிடித்துக்கொள்ளும். பிறகு அந்தத் தாளைச் சரிசெய்யவே முடியாது. கிழிந்த துண்டை அதே பக்கத்தில் மடிக்காமல் வைத்து, திருப்பித் தரும்போது நூலகரிடம் நேராகச் சொல்லிவிடுங்கள். அதேபோல் புத்தகத்தை எடுக்கும்போதே அட்டை கழன்றிருக்கிறதா, பக்கங்கள் விடுபட்டிருக்கின்றனவா என்று புரட்டிப் பார்த்து, இருந்தால் அப்போதே காட்டிவிட்டால் பின்னால் உங்கள்மேல் பழி வராது.

போட்டித் தேர்வுக்குப் படிப்பவர் இருக்கும் வீடு

மதுரையிலும் சுற்றுப்புற ஊர்களிலும், பட்டம் முடித்துவிட்டுத் தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையத் தேர்வுகளுக்குப் படிக்கும் பிள்ளை இல்லாத தெரு அரிது. இந்த வீடுகளில்தான் புத்தகச் செலவு கட்டுக்கடங்காமல் போகிறது. பயத்தில் வாங்கும் புத்தகங்களே இதற்குக் காரணம். ஒரு தோழி வாங்கினாள், ஒரு பயிற்சி மையத்தில் சொன்னார்கள் என்று ஒரே பாடத்துக்கு மூன்று கைடுகள் சேர்ந்துவிடுகின்றன. மூன்றிலும் இருப்பது பெரும்பாலும் ஒரே செய்திதான்.

தொகுதி 4 (குரூப் 4) தேர்வுக்குப் படிப்பவர்கள் பாடத்திட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு பள்ளிப் பாடநூல்களிலிருந்து தொடங்குவது நல்லது. மொத்தமுள்ள 200 வினாக்களில் 100 வினாக்கள் தமிழ்த் தகுதி மற்றும் மதிப்பீட்டுப் பகுதியில் கேட்கப்படுகின்றன. அந்தப் பகுதியில் 40 சதவீத மதிப்பெண் பெறாதவர்களின் மற்ற விடைகள் கணக்கில் வருவதில்லை. அந்தத் தமிழ்ப் பகுதிக்கு ஆறாம் வகுப்பிலிருந்து மேல் வகுப்புகள் வரையுள்ள தமிழ்ப் பாடநூல்களைவிட நம்பகமான புத்தகம் வேறில்லை. அவற்றின் மின்வடிவங்களை அரசின் இணையதளங்களில் கட்டணமின்றி இறக்கிக்கொள்ளலாம். கைப்பேசியில் நெடுநேரம் படிப்பதால் கண் வலிப்பவர்கள், நூலகத்தின் போட்டித் தேர்வுப் பிரிவில் அச்சுப் புத்தகங்களைக் கேட்டுப் பார்க்கலாம். பழைய வினாத்தாள்களையும் தேர்வாணையமே தன் இணையதளத்தில் வெளியிடுகிறது. அவற்றைக் கடையில் தொகுப்பாக விலைக்கு வாங்குவதற்கு முன் இதை நினைத்துப் பாருங்கள்.

கைடுகளை எடுக்கும்போது முதலில் பார்க்க வேண்டியது பதிப்பாண்டு. பாடத்திட்டம் மாறுவதற்கு முன்பு அச்சான கைடு எவ்வளவு தடிமனாக இருந்தாலும் அதை நம்பித் தயாராவது ஆபத்து. வரலாறு, அரசியலமைப்பு போன்ற மாறாத பகுதிகளுக்குப் பழைய பதிப்பு உதவும். நடப்பு நிகழ்வுகளுக்கும் திட்டங்களுக்கும் உதவாது. இரண்டாவதாக, முன்னால் படித்தவர்கள் பென்சிலால் விடை குறித்துவைத்த பயிற்சித் தாள்களைத் தவிர்த்துவிடுங்கள். குறித்த விடை கண்ணில் படும்போது நமக்குத் தெரியும் என்ற பொய்யான நம்பிக்கை வந்துவிடுகிறது. நடப்பு நிகழ்வுகளுக்கு, நூலக மேசையில் கிடக்கும் மூன்று நான்கு நாளிதழ்களையும் நடுவணரசு வெளியிடும் ‘திட்டம்’ மாத இதழையும் படித்துத் தம் கையெழுத்தில் குறிப்பெடுப்பவர்கள் தனியே மாதத் தொகுப்பு வாங்க வேண்டிய தேவையே எழாது.

இருக்கைக்குப் பணம் கட்டும் தனியார் படிப்பகங்கள் பெருகிவிட்டன. வீட்டில் இடமில்லாதவர்களுக்கு அவை பயன்படுகின்றன என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் அங்கே பணம் கட்டுவதற்கு முன்பு, கலைஞர் நூற்றாண்டு நூலகத்தின் போட்டித் தேர்வுப் பிரிவிலோ சிம்மக்கல் நூலகத்திலோ ஒரு மாதம் உட்கார்ந்து பார்த்துவிட வேண்டும் என்று நான் வற்புறுத்திச் சொல்வேன். காலையிலேயே போனால் நல்ல இருக்கை கிடைக்கும். மதியச் சாப்பாட்டைக் கட்டிக்கொண்டு போகாதவர்கள், வாசலில் டீயும் வடையுமாகச் செலவழித்தே, கட்டணம் இல்லாத இருக்கைக்கு ஒரு கட்டணத்தை உண்டாக்கிக்கொள்வார்கள். சொந்தப் புத்தகங்களைக் கொண்டுபோய்ப் படிக்க எந்தக் கூடத்தில் அனுமதி உண்டு என்பதை முதல் நாளே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். எல்லாப் பிரிவுகளிலும் அனுமதி இருப்பதில்லை.

நூலகரிடம் கேட்பது

அரங்கநாதன் 1931-இல் வெளியிட்ட ஐந்து நூலகவியல் விதிகளில் ஒன்று, வாசகரின் நேரத்தைச் சேமிக்க வேண்டும் என்பது. அலமாரி அலமாரியாகத் தேடிக் களைத்துப்போய், இங்கே ஒன்றும் இல்லை என்று திரும்பிவிடுபவர்கள் பலர். தேடுவதைச் சொல்லிக் கேட்டால், ‘அது நேற்றுத்தான் வந்தது, இன்னும் அடுக்கவில்லை’ என்று மேசையின் அடியிலிருந்து நூலகர் எடுத்துக் கொடுப்பதும் உண்டு. ஒரு புத்தகம் வெளியே போயிருந்தால் திரும்பி வரும்போது எடுத்துவைக்கச் சொல்லலாம்; கிளையில் இல்லாத புத்தகத்துக்கு மாவட்ட மைய நூலகத்தில் பார்க்க வழி கேட்கலாம்; வாங்க வேண்டிய நூல்களைப் பரிந்துரைக்கும் பதிவேடு இருந்தால் அதில் எழுதலாம். பல நூலகங்களில் ஒரே ஆள்தான் வரவேட்டையும் பார்த்து, புத்தகத்தையும் அடுக்கி, கூட்டத்தையும் சமாளிக்கிறார் என்பதை மனத்தில் வைத்து, மாலையில் கூட்டம் நெரியும் நேரத்தைத் தவிர்த்துப் பேசுங்கள்.

நூலகத்தோடு இணைந்த வாசகர் வட்டம் இருந்தால் அதன் கூட்டங்களுக்குப் போய்வாருங்கள். ஊருக்குப் புதியவர்களுக்கு நல்ல பள்ளி எது, நம்பகமான மருத்துவர் யார் என்பதுவரை அங்கே தெரிந்துகொள்ள முடியும். சேமிப்பு ஓரளவு கூடியபின் 1,000 ரூபாய் செலுத்தி அந்த நூலகத்தின் புரவலராகலாம். உங்கள் பிள்ளைகள் நாள்தோறும் போய்வரும் கிளைக்கு அந்தத் தொகை நேரடியாக உதவும்.

இணையத்தில் கிடைப்பவை

நூலகத்துக்குப் போக முடியாத நாள்களுக்கு இரண்டு இடங்களை அறிந்துவைத்திருந்தால் போதும். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் தமிழ் மின்னூலகத்தில் அரிய பழைய பதிப்புகளும் நாட்டுடைமையாக்கப்பட்ட நூல்களும் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. நம் ஊரின் பெயரைத் தாங்கிய மதுரைத் திட்டம், 1998 பொங்கல் நாளில் தொடங்கி உலகெங்கும் உள்ள தமிழ் ஆர்வலர்களின் உழைப்பால் சங்க இலக்கியம் முதல் இக்கால எழுத்துகள் வரை மின்பதிப்பாக வழங்கிவருகிறது. நாட்டுடைமையான எழுத்தாளர் ஒருவரின் நூலைக் கடையில் வாங்கும் முன் இந்த இரண்டிலும் ஒருமுறை தேடிவிடுங்கள்.

வாங்க வேண்டிய புத்தகத்தை வாங்குவது

நூலகத்தைப் பயன்படுத்துவதென்றால் புத்தகமே வாங்கக் கூடாது என்று பொருளில்லை. எழுத்தாளரும் பதிப்பாளரும் வாழ்ந்தால்தான் நாளை நூலகத்துக்கும் புத்தகம் வரும். எடுத்து வந்து படித்து, மீண்டும் படிக்கத் தோன்றிய நூல்களின் பெயர்களை அந்த மாதக் கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் எழுதிவாருங்கள். தமுக்கம் மைதானத்தில் புத்தகத் திருவிழா நடக்கும்போது அந்தப் பட்டியலோடு போனால், அரங்கு அரங்காக அலைந்து அட்டைப்படத்தைப் பார்த்து வாங்கிக் குவிப்பதும், பிரிக்காமலே அலமாரியில் அடுக்குவதும் நின்றுவிடும். வழக்கமாக அங்கே 10 சதவீதத் தள்ளுபடி கிடைப்பதால் அகராதி, சமையல் குறிப்பு, பிள்ளை மறுபடி மறுபடி கேட்ட கதை போன்று வீட்டிலேயே இருக்க வேண்டியவற்றை அந்த நாள்களுக்கென ஒதுக்கிவைக்கலாம்.

கெடு தப்பாமல் இருக்க

தாமதக் கட்டணம் நாளொன்றுக்குச் சிறிய தொகைதான். நான்கு அட்டைகள் வைத்திருக்கும் வீட்டில் இரண்டு மாதம் மறந்துவிட்டால் அதுவும் சேர்ந்துகொண்டே போகும். அதைவிட, கட்டணம் ஏறிவிட்டதே என்ற கூச்சத்தில் நூலகத்துக்குப் போவதையே நிறுத்திவிடுபவர்கள் இருக்கிறார்கள் என்பதுதான் வருத்தமானது. நூலகப் புத்தகங்களுக்கென்று வீட்டில் ஒரே இடத்தை ஒதுக்குங்கள். அலமாரியில் சொந்தப் புத்தகங்களோடு கலக்க விடாதீர்கள். கேஸ் சிலிண்டர் பதிந்த நாளையும் பால் கணக்கையும் குறிக்கும் அதே தினசரிக் காலண்டரில் கெடுநாளையும் வட்டமிட்டு வையுங்கள். படித்து முடியவில்லையென்றால் கெடுவுக்கு முன்பே போய் நீட்டித்துக்கொள்ளலாம். புத்தகம் தொலைந்துபோனால் ஒளியாமல் சொல்லிவிடுங்கள். அதே நூலை வாங்கிக் கொடுத்தோ அதற்குரிய தொகையைக் கட்டியோ முடித்துக்கொள்ள வழி இருக்கும்.

மூன்று மாதம் கழித்து நோட்டை மறுபடி எடுத்து, முதல் மாதக் கணக்கோடு ஒப்பிடுங்கள். வார இதழ்ச் செலவு குறைந்து பேருந்துச் செலவு கூடியிருந்தால் நூலகத்துக்குப் போகும் நாளைச் சந்தைக்கோ வங்கிக்கோ போகும் நாளோடு சேர்த்துக்கொள்ளுங்கள். எடுத்துவந்த புத்தகங்கள் படிக்கப்படாமலே திரும்பிப் போகின்றன என்றால் எடுக்கும் எண்ணிக்கையைக் குறையுங்கள்.

மீண்டும் மாற்றலாகி வேறு ஊருக்குப் போக நேர்ந்தால், லாரிக்குச் சொல்லும் முன்பே நூலக வேலையை முடித்துவிடுவது நல்லது. மூட்டை கட்டும் நேரத்தில் நூலகப் புத்தகம் அட்டைப்பெட்டிக்குள் போய்விட்டால் அது மதுரைக்குத் திரும்புவது கடினம். எல்லா அட்டைகளிலும் உள்ள புத்தகங்களைத் திருப்பி, நிலுவை ஏதும் இல்லை என்பதை உறுதி செய்து, அட்டைகளை ஒப்படைத்து, கோப்பில் வைத்திருந்த ரசீதைக் காட்டிக் காப்புத்தொகையைத் திரும்பப் பெற விண்ணப்பம் எழுதிக் கொடுங்கள். அதே நாளில் தொகை கையில் கிடைக்காமலும் போகலாம் என்பதால் ஊரை விட்டுப் புறப்படுவதற்கு இரண்டு மூன்று வாரங்கள் முன்னதாகவே இதைத் தொடங்கிவிடுங்கள்.